ஆடியில் வந்தவள்

ஜூலை 22

வீடு கிடைத்துவிட்டது. வீடு என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. மொட்டைமாடியில் ஒரே ஒரு அறை. ஒரு மூலையில் சமையல் மேடை, கதவுக்குப் பின்னால் குளியலறை. "ஸ்டுடியோ அபார்ட்மென்ட் மேடம், இப்போ இதான் ஃபேஷன்" என்றார் புரோக்கர் தாஸ். எங்கள் திண்டுக்கல்லில் ஸ்டுடியோ என்றால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் இடம்.

இதற்கு முன் பார்த்த இடங்களில் எல்லாம் ஒரே கேள்விதான். ஃபேமிலியா, பேச்சிலரா? நான் இரண்டும் இல்லை. "தனியா ஒரு லேடி..." என்று தாஸ் இழுத்ததுமே, "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், ரூம் தேவைப்படுது" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். சென்னையில் இத்தனை பையன்களுக்குக் கல்யாணம் கூடியிருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

இந்த வீடு திருவான்மியூரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் இருக்கிறது. பட்டப்பகலில்கூட ஆள் நடமாட்டம் இல்லை. யாரோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் தெரு முழுக்கக் கேட்கிறது. கீழ்த்தளத்தில் ஹவுஸ் ஓனர் திலகவதி அம்மாவும் அவர் கணவர் ஞானசம்பந்தம் சாரும் மட்டும். மகள் சிங்கப்பூரில். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நேரே கேட்டார்.

"ஆடி மாசத்துல யாரும்மா வீடு மாறுவாங்க?"

"வேலையை இங்க மாத்திட்டாங்கம்மா. உடனே வரச் சொல்லிட்டாங்க."

"வீட்டுக்காரர்?"

"கப்பல்ல இருக்காரும்மா."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. எங்கிருந்து அந்தக் கப்பல் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அம்மாவின் முகம் அந்த நிமிடமே கனிந்துவிட்டது. புருஷன் இல்லாதவள் வேறு, புருஷன் ஊரில் இல்லாதவள் வேறு. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆடியில பால் காய்ச்சக் கூடாது. ஆவணி பொறக்கட்டும். அதுவரைக்கும் சும்மா தங்கியிருக்கேன்னு நெனச்சுக்கோ" என்றார்.

தாழ்ப்பாள் நல்ல கனம். பெயின்ட், குழாய் எல்லாம் பிறகுதான் பார்த்தேன்.

ஜூலை 26

கிண்டி அலுவலகத்தில் வேலை பழகிவிட்டது. ஏற்றுமதிக்குப் போகும் சட்டைகளில் தையல் பிசகு, பட்டன் தளர்வு பார்க்கும் வேலை. திருப்பூரில் செய்ததேதான். பக்கத்து மேசை ரோஸ்லின் என் இடப்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். நான் பதில் சொல்லாததால் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிட்டாளாம். நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போது காதில் தண்ணீர் போயிருக்கிறது, சரியாகிவிடும் என்று சொன்னேன்.

தூக்கம் பரவாயில்லை. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் வலது காது மேலே இருக்கும். படிக்கட்டில் யாராவது ஏறினால் தெரியும்.

ஆகஸ்ட் 4

மாட்டிக்கொண்டேன். சம்பந்தம் சார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்! உலகத்தில் இத்தனை வேலை இருக்க, நான் கப்பலைப் போய்ப் பிடித்தேன். மோட்டார் போடக் கீழே போன என்னை நிறுத்திவைத்துக் கேட்கிறார்.

"மிஸ்டர் என்னவா இருக்கார்? டெக்கா, இன்ஜினா?"

"சமையல், சார்."

"அடடே! கப்பல்ல கேப்டனைவிட குக்குக்குத்தான் மரியாதை. வந்தா என்னை வந்து பார்க்கச் சொல்லும்மா."

உண்மையில் என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வைத்ததில்லை. மாடிக்கு வந்து தனியாகச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்கிறது போல, தாடை வலித்தது.

ரோஸ்லினிடம் விஷயத்தைப் பாதி சொன்னேன். அவள் கெட்டிக்காரி. "வாசல்ல ஒரு ஜென்ட்ஸ் செருப்பு விடுடி. கொடியில ஒரு சட்டை போடு. நான் ஹாஸ்டல்ல இருந்து வெளிய வந்தப்போ அப்படித்தான் இருந்தேன். ஒரு பய மாடியேற மாட்டான்." கப்பலில் இருப்பவனின் சட்டை எப்படி ஈரமாகும் என்று கேட்டேன். "வீட்ல விட்டுட்டுப் போன துணி, பூஞ்சை பிடிக்காம இருக்க அப்பப்போ அலசிப் போடறேன்னு சொல்லு" என்றாள்.

சாயங்காலம் ஒரு வெளிர்நீலச் சட்டையும் தோல் செருப்பும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் பார்த்தேன். சட்டை நாற்பத்திரண்டு, செருப்பு ஒன்பது. கடையில் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவருடைய அளவைத் தவிர வேறு அளவு என் கைக்குத் தெரியவில்லை. மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். கடைக்காரன் மாற்ற மாட்டான்.

ஆகஸ்ட் 19

ஆவணி பிறந்துவிட்டது. நானே பால் வாங்கிக்கொண்டு போய்த் திலகவதி அம்மாவிடம், "இன்னிக்குக் காய்ச்சிடவாம்மா?" என்று கேட்டேன். "ஒருத்தியா காய்ச்சறதா? அவர் வரட்டும், ரெண்டு பேருமா சேர்ந்து நின்னு காய்ச்சுங்க. அதான் லட்சணம்" என்று சொல்லிவிட்டார்.

பாலைத் தயிருக்கு உறை ஊற்றிவிட்டேன்.

செப்டம்பர் 8

ரோஸ்லின் போனிலிருந்து திண்டுக்கல்லில் என் அம்மாவிடம் பேசினேன். எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

"மாப்பிள்ளை வந்து அழுதுட்டுப் போனாருடி. ஆம்பள அழுது நான் பார்த்ததில்ல. அப்படி என்னதான் நடந்துச்சு?"

"மனத்தாங்கல்தாம்மா."

"மனத்தாங்கல் எந்த வீட்ல இல்ல? அண்ணனும் சொல்றான், போய்ச் சேரச் சொல்லுன்னு."

அவர் அழுவார். நன்றாக அழுவார். மறுநாள் பூ வாங்கி வருவார், அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து. திருப்பூரில் எங்கள் தெருவில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. "ஏனுங், சாப்டாச்சுங்ளா" என்று நாய்க்குட்டியைக்கூட மரியாதையாகக் கேட்பார். நான்தான் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று எல்லாரும் சொல்வார்கள். இருக்கலாம்.

செப்டம்பர் 21

சட்டையை அலசிப் போட்டேன். காற்றில் உப்பிக்கொண்டு நின்றது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்னால் பாத்திரம் தேய்க்க முடியவில்லை. கொடியின் அந்தக் கடைசிக்கு மாற்றினேன்.

அக்டோபர் 13

இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிவைக்கத் தோன்றியது. காலையில் சமையல் மேடை மேல் விழும் வெயில் பிடித்திருக்கிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் கூடியதுதான், நானே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். திலகவதி அம்மா சாயங்காலம் மேலே வந்து கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் கதை சொல்கிறார். வலப்பக்கம் உட்காரவைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 17

மழை. காய்ச்சல் போல இருக்கிறது.

நவம்பர் 27

பத்து நாளாகப் பேனாவைத் தொடவில்லை. டெங்குவாம். திலகவதி அம்மா இல்லாவிட்டால் இந்த அறையில் கிடந்து யாருக்கும் தெரியாமல் போயிருப்பேன். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனது, பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தது, தலையைத் தூக்கிக் கஞ்சி புகட்டியது எல்லாம் அவர்தான். பெற்றவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"அழாதே, உனக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன். அவர்கிட்ட பேசிட்டேன்."

"யார்கிட்டம்மா?"

"உன் வீட்டுக்காரர்கிட்டதான். நூத்திநாலு டிகிரி அடிக்குது. பயந்துபோய், 'யாருக்கும்மா சொல்லணும்'னு கேட்டேன். நீதான் நம்பரைச் சொன்னே, கடகடன்னு. அந்த மயக்கத்துலயும் புருஷன் நம்பர் மறக்கல பாரேன்னு இவர்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

கஞ்சி வாயில் அப்படியே நின்றுவிட்டது.

"கப்பல்ல சிக்னல் கிடைக்குதான்னு கேட்டேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம், 'கரைக்கு வந்துட்டனுங்கம்மா, கொச்சியில நிக்குதுங்க'ன்னார். என்ன தன்மையான பேச்சு! தினமும் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டார். தை மாசம் லீவு கிடைக்கும், வந்து கூட்டிட்டுப் போறேன்னார். அட்ரஸ்கூட எழுதிக்கிட்டார்."

என் பொய்யை அவர் அந்த ஒரு நிமிடத்தில் எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

நவம்பர் 28

இன்னொரு தாழ்ப்பாள் வாங்கினேன். மாட்ட ஆணி அடிக்க வேண்டும். ஆணி அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும். பையிலேயே இருக்கிறது.

நவம்பர் 30

சொல்லிவிடுவது என்று இறங்கிப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தம் சார் முந்திக்கொண்டார். எனக்கு முன்னால் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தாளாம். புருஷனை விட்டு வந்தவள் என்பதை மறைத்திருக்கிறாள். ஒரு நாள் அவன் குடித்துவிட்டு வந்து கேட்டைப் பிடித்து ஆட்டி, தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

"இந்தத் தெருவுல நாப்பது வருஷமா இருக்கோம்மா. ஒரு சத்தம் வந்ததில்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், குடும்பமா இருக்கறவங்களுக்குத்தான் குடுக்கறதுன்னு. அவளை மறுநாளே காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"பாவம், நல்ல பொண்ணுதான்" என்றார் திலகவதி அம்மா. "ஆனா பொய் சொல்லிட்டாளே."

உப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அறை போய்விடும். சொல்லாவிட்டால் அவர் வருவார். பயமாக இருக்கிறது. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். தாஸுக்குப் போன் செய்தேன். "அட்வான்ஸ் போடணும்னா தை பொறக்கணும் மேடம். மார்கழியில யாரும் வீடு தர மாட்டாங்க" என்கிறார்.

டிசம்பர் 6

ரோஸ்லின் சொன்ன பெண்கள் விடுதியில் இடமில்லை. காத்திருக்கச் சொன்னார்கள். உடம்பு இன்னும் தேறவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது. திலகவதி அம்மா கேட்கிறார்: "அவர் வராருன்னா உனக்குச் சந்தோஷமே இல்லையே, ஏன்?" காய்ச்சல் அசதி என்றேன்.

டிசம்பர் 13

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கேட்டைத் திறந்தபோதே கண்ணில் பட்டது. கீழ்வீட்டு வாசலில் கறுப்பு ஷூ. பளபளவென்று, இரண்டும் சேர்த்து ஒழுங்காக வைத்திருந்தது. அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பார். திரும்பி ஓடியிருக்கலாம். அதற்குள் அம்மா பார்த்துவிட்டார்.

"யாரு வந்திருக்காங்க பாரு! தை வரைக்கும் பொறுக்க முடியலையாம்."

ஹாலில் சம்பந்தம் சாருக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் ஒரு கூடை ஆப்பிள், மல்லிகைப்பூ. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஏங்கண்ணு, இப்படி இளைச்சுப் போயிட்டியே."

சாருக்கும் மனது இளகிவிட்டது. "உட்காரும்மா, உட்காரும்மா, பக்கத்துல உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். உட்காராமல் என்ன செய்வது? அவர் என் இடப்பக்கம். தோளில் கையைப் போட்டார்.

"உங்களுக்குத்தானுங்க ரொம்ப சிரமம் குடுத்துட்டோம்" என்றார் சாரிடம். "நாளைக்கே கூட்டிட்டுப் போயிடறனுங்க. ரூம் சாமானெல்லாம் அப்புறம் ஆள் வெச்சு எடுத்துக்கறேன்."

"மேல போய் ரெஸ்ட் எடுங்க ரெண்டு பேரும். இன்னிக்காவது அந்தப் பாலைக் காய்ச்சுங்க" என்றார் சார். பிறகு பேப்பரை விரித்துக்கொண்டார். எங்களைத் தனியாகப் பேசவிடுகிறாராம்.

வீடு அமைதியாக இருந்தது. தெருவும் அமைதியாக இருந்தது. அவர் சிரித்த முகத்தோடு என் பக்கம் குனிந்தார். இடது காதில் மூச்சு சூடாகப் பட்டது. ஏதோ சொன்னார், நிதானமாக, நீளமாக. எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பஞ்சை அடைத்தது போல அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் என்றைக்கும் நினைத்ததில்லை.

நான் கேட்டுக்கொண்டவள் போலத் தலையைக் குனிந்தேன். பழக்கம். நிமிர்ந்தபோது சோபாவின் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருந்த சமையலறை வாசலில், காபித் தட்டோடு திலகவதி அம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

முன்னால் வந்தார். ஒரு டம்ளரை சாரிடம் கொடுத்தார். ஒன்றை என் கையில் வைத்தார். சோபாவிலிருந்து அவரும் கை நீட்டினார். அம்மா மூன்றாவது டம்ளரைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்க கிளம்புங்க."

"ஏனுங்கம்மா?"

"கிளம்புங்கன்னு சொன்னேன்."

"திலகா, என்ன இது?" என்று சார் பேப்பரை மடித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. இவர் இப்போ இந்தப் பொண்ணு காதுல சொன்னதை, அப்படியே சத்தமா உங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டாருன்னா நானே ஆரத்தி எடுத்து மேல அனுப்பறேன்."

அவர் சிரித்தார். புருஷன் பொண்டாட்டி பேச்சுங்க என்றார். அம்மா தவறாகக் கேட்டிருப்பார் என்றார். என் தோளில் இருந்த விரல்கள் மட்டும் இறுகின. பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு. நான் தப்பா ஏதாவது சொன்னனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் கையை எடுத்து சோபா மேல் வைத்தேன். எழுந்து திலகவதி அம்மா பக்கம் போய் நின்றேன்.

"இவர் கப்பல்ல இல்ல சார். எப்பவுமே இல்ல. நான்தான் விட்டுட்டு வந்தேன். இவர்கூட என்னை அனுப்பாதீங்க."

சார் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வந்தவர் குரலை உயர்த்தவில்லை. ஷூவை மாட்டி, லேஸை முடிந்து, கும்பிட்டார். "வர்றனுங்கம்மா" என்றார். ஊரில் எல்லாரும் சொல்லிக்கொண்டு போகும் சொல்தான். எனக்கு அது திரும்பி வருவேன் என்றுதான் கேட்டது.

கேட் சாத்திய சத்தம் கேட்டதும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவன் அப்படிச் சொல்றான், நீ கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"எனக்குக் கேக்கலம்மா. இடது காது கேக்காது."

"எப்போலேருந்து?"

நான் சொன்னேன். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 14

காதில் தண்ணீர் போகவில்லை. மார்ச் மாதம், குழம்பில் உப்பு கூடிய அன்று, என் புருஷன் பூபதி அடித்தான். அதற்கு முன்பும் அடித்திருக்கிறான். அன்றுதான் காதிலிருந்து ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாகச் சொன்னேன். இதை இந்த நோட்டில்கூட எழுதாமல் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன்.

காலையில் அம்மாவும் சாரும் பேசிக்கொண்டது மாடிப்படி வரை கேட்டது. நல்ல காதால் கேட்டேன்.

"பாவம்தான், இல்லேங்கல. ஆனா அவன் திரும்ப வருவான் திலகா. நமக்கு எதுக்கு வம்பு? ரெண்டு நாள்ல காலி பண்ணச் சொல்லிடு."

அம்மா நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் கீரைக்கட்டோடு மேலே வரவில்லை. கப்பல் என்று நான் சொன்ன பொய் அவருக்கு வலித்திருக்கிறது. துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தேன்.

டிசம்பர் 15

அம்மா மேலே வந்தார். பையைப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"சார் காலி பண்ணச் சொல்றார்னு..."

"நாளைக்கு மார்கழி பொறக்குது. மார்கழியில யாராவது வீடு மாறுவாங்களா?" என்று அதட்டினார். "எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லைன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன். ஆடியில வந்தே, சரின்னு விட்டேன். மார்கழியில போறேன்னா விட மாட்டேன்."

"கோவம் இல்லையாம்மா என்மேல?"

"நெறைய இருக்கு. நான் பெத்த புள்ள மாதிரி அந்தக் கப்பல்காரனுக்காக வேண்டிக்கிட்டிருக்கேன், தெரியுமா? அதை மெதுவா தீர்த்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அந்த நர்ஸ் பொண்ணையும் நான் அனுப்பியிருக்கக் கூடாது."

அவன் காதில் என்ன சொன்னான் என்று கேட்டேன். "அதை என் வாயால சொல்ல மாட்டேன். ஸ்டேஷன்ல கேட்டா அங்க சொல்றேன். நாளைக்கு லீவு போடு, மகளிர் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

மதியம் சார் ஒரு ஆளைக் கூட்டிவந்து இரண்டாவது தாழ்ப்பாளை மாட்டவைத்தார். போகும்போது, "உள்ள இருந்து போட்டுப் பாரும்மா" என்றார். போட்டேன். "இன்னொரு தடவை" என்றார்.

வாசல் செருப்பையும் சட்டையையும் ஒரு பையில் கட்டி அம்மாவிடம் கொடுத்து, யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

ஜனவரி 4

ரோஸ்லின் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார். மகளிர் ஸ்டேஷனில் கொடுத்த மனு விசாரணைக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. தெருவில் பைக் நின்றால் இப்போதும் எழுந்து உட்கார்கிறேன். தை பிறந்தால் சார் மறுபடியும் காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயமும் இருக்கிறது.

ஜனவரி 16

மாட்டுப்பொங்கலும் முடிந்தது. காலையில் கதவைத் தட்டினார்கள். "நான்தாம்மா, திலகவதி" என்ற குரல் கேட்ட பிறகே இரண்டு தாழ்ப்பாளையும் திறந்தேன். அம்மா கையில் புதுப் பாத்திரத்தில் பால். பின்னால் சம்பந்தம் சார், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு படி சர்க்கரையோடு.

"இன்னிக்கு நாள் நல்லாயிருக்கு. காய்ச்சு" என்றார் அம்மா.

"ஒருத்தியாவா?"

"பின்ன, உன் வீட்ல வேற யார் வந்து காய்ச்சுவாங்க?"

அடுப்பைப் பற்றவைத்தேன். பால் ஏறி வந்தபோது தீயைக் குறைக்கக் கை போனது. வழிந்தால் திட்டு விழும் என்று பழகிய கை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. பொங்கட்டும்."